முட்டி உயரப் பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய மிஸ், சின்ன மிஸ் என்று இரண்டு பேர். உடன்பிறந்த அக்கா தங்கை. சின்ன மிஸ்ஸுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது, ஆனாலும் அவள் சின்ன மிஸ்தான். பெரியவள் இருக்கிற வரைக்கும் சின்னவள் எங்கே பெரியவளாவது? நான் பாட்டு மிஸ். எனக்குப் பாட்டு வராது என்பது வேறு விஷயம். நாலு வயசுப் பிள்ளைகள் சுதி பார்ப்பதில்லை, அதனால் பிழைப்பு ஓடுகிறது.

பள்ளிக்கூடம் என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல்தான். அது பெரிய மிஸ்ஸின் வீட்டுக் கீழ்த்தளம். முன்னால் ஒரு ஹால், பக்கத்தில் என் பாட்டு அறை, பின்னால் நீளமாக ஒரு அறை. அந்தப் பின்னறைக்குக் கட்டை அறை என்று பெயர். சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்க மரக்கட்டைகள். நீளக்கட்டை, பாதிக்கட்டை, முக்கோணம், வளைவு, உருளை. சிலாம்பு ஏறாமல் இருக்க ஒவ்வொன்றையும் சின்ன மிஸ்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். அது அவள் ராஜ்ஜியம்.

அவள் இங்கே வந்த கதை சின்னது. அக்காவின் கணவர் திடீரென்று இறந்துபோனார். "ரெண்டு வாரம் துணைக்கு இருடி" என்றார் அக்கா. இவள் ஒரு பெட்டியோடு வந்தாள். அந்தப் பெட்டியில் இப்போது உடைந்த கிரேயான்கள் இருக்கின்றன. இரண்டு வாரம் எப்படி முடியாமலேயே போயிற்று என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள், ஆள் வேண்டியிருந்தது. அக்காவுக்கு முட்டிவலி வந்தது, ஆள் வேண்டியிருந்தது. இவளைப் பெண் கேட்டு இரண்டு மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தன் பல்லு சரியில்லை, இன்னொருத்தன் பார்வை சரியில்லை என்று அக்கா திருப்பி அனுப்பிவிட்டார். தங்கச்சி மேல் அவ்வளவு பிரியம்.

பிரியம் என்று நான் கேலிக்குச் சொல்லவில்லை. இவளுக்குக் காய்ச்சல் வந்தால் பெரிய மிஸ் கண்ணை மூடமாட்டார். கறியில் நல்ல துண்டு இவள் தட்டில்தான் விழும். அடித்து உதைத்திருந்தால் இவள் என்றைக்கோ ஓடியிருப்பாள். தலையைத் தடவிக் கொடுத்தால் எங்கே ஓடுவது?

ஆனால் ஒன்று. மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. அது பெரிய மிஸ்ஸின் மகனுடையது. அவன் கடல் தாண்டி வேலை பார்க்கிறான், ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வருவான். வந்தால் வேண்டுமே என்று கட்டிலில் எப்போதும் விரிப்பு விரித்தே இருக்கும். அந்த அறையைத் தினமும் தூசி தட்டுவது சின்ன மிஸ். அவள் படுப்பது கீழே, கட்டை அறையில். தட்டுக்குப் பின்னால் ஒரு மெத்தை சுருட்டி வைத்திருக்கும். பிள்ளைகள் போனதும் கட்டைகளை அடுக்கிவிட்டு, தரையைத் துடைத்து, மெத்தையை விரிப்பாள். இது எனக்கும் அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்தப் பருவத்துக்குப் பெரிய மிஸ் வைத்த பாடம், 'நம்ம ஊர்'. படம் ஒட்டி, பெயர் எழுதி முடித்துவிடலாம் என்றேன் நான். சின்ன மிஸ் கட்டைகளைத் தரையில் கொட்டி, "ஊர் கட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, தாடையில் கை வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

முதல் நாள் எல்லாரும் வீடு கட்டினார்கள், அவரவர் வீடு. இவன் மூன்று மாடி என்றால் அவன் நாலு மாடி. தரையில் உள்ளங்கை அகலம்கூட இடம் விடவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் மகன் ஒருத்தன் இருந்தான். எந்நேரமும் வாயால் ஊளையிட்டுக்கொண்டே ஓடுவதால் அவனுக்கு சைரன் என்று பெயர். அவன் தன் பொம்மை வண்டியோடு வந்து நின்றான்.

"நான் எந்தப் பக்கமா வர்றது?"

"எங்க வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வேணாம்" என்றான் நாலு மாடிக்காரன்.

"உங்க தாத்தா கீழ விழுந்துட்டா?"

"விழமாட்டாரு."

"எங்க தாத்தாவும் அப்படித்தான் சொன்னாரு" என்றது ஓரத்திலிருந்து ஒரு குரல். அவள் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிற பெண். நாங்கள் வக்கீல் என்போம்.

எனக்குக் கை பரபரத்தது. 'ரோடு போடுங்கடா' என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? சின்ன மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் ரொம்ப நேரம் கத்தினார்கள். கடைசியில் நாலு மாடிக்காரனே தன் வீட்டில் ஒரு வரிசையை எடுத்தான். "சமையல்ரூம் கொஞ்சம் சின்னதாயிடுச்சு, பரவால்ல" என்றான். அப்படித்தான் அந்த ஊருக்கு முதல் ரோடு வந்தது. அன்றைக்கு ஒரு சட்டமும் வந்தது. யார் கட்டினதோ அவங்கதான் எடுக்கணும், அடுத்தவர் கை படக்கூடாது. அதோடு இன்னொன்றையும் சேர்த்தாள் சின்ன மிஸ். ரோடு இருக்கிறபோது யாரும் வீட்டுக்கு மேலே தாண்டிப் போகக்கூடாது, ரோட்டில்தான் போகணும். பிள்ளைகளுக்குச் சட்டம் என்றால் வெல்லக்கட்டி. அம்மா சொன்னால் கேட்காதவன்கூட இதைக் கேட்டான்.

பிறகு கடை வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பாலம் வந்து இரண்டு தடவை விழுந்து மூன்றாம் தடவை நின்றது. குப்பை வண்டி வந்தபோதுதான் ஊரே இரண்டுபட்டது. குப்பை மேட்டை எங்கே வைப்பது? ஒருத்தரும் பக்கத்தில் சேர்க்கவில்லை. அப்போது ஒரு பெண் சொன்னாள், "அவன் வீட்டுக்கிட்ட வெச்சிரலாம். அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்." அவன் என்றால், வாயே திறக்காத ஒரு பையன். எங்களுக்கு ஊமைக்குசும்பு. ஊர் என்றால் என்னவென்று அந்த ஒரு பேச்சில் எனக்குப் புரிந்துவிட்டது.

சின்ன மிஸ் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்குச் சரியாப்பா?"

"ம்."

"நெசமாவே சரியா?"

"ம்" என்றவன் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான்.

"பாத்தீங்களா? ஒருத்தர் 'ம்'னு சொன்னா சரின்னு அர்த்தம் இல்ல. இன்னொரு தடவை கேக்கணும்" என்றாள் அவள். குப்பை மேடு தினம் ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் முறை வைத்துப் போவதென்று முடிவாயிற்று.

எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஊரான் பிள்ளைக்காக இவள் கேட்ட கேள்வியை இவளுக்காக ஒருத்தரும் கேட்கவில்லை, இவளும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு டம்ளர் கழுவும்போது முகத்துக்கு நேராகவே சொன்னேன். "எனக்கென்ன குறை?" என்றாள். குறை சொல்லத் தெரியாத வாய்க்கு எல்லாம் நிறைவுதான்.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் ஊரைக் கலைத்தாக வேண்டும். பிள்ளைகள் அழுவார்கள். "ஏன் மிஸ், நாளைக்கு வரைக்கும் இருக்கட்டுமே!" சின்ன மிஸ் ஏதாவது சாக்குச் சொல்வாள். தரை துடைக்கணும், எறும்பு வரும். அந்த ஊர் நின்றால் அவளுக்குப் படுக்க இடமில்லை என்று எப்படிச் சொல்வது?

பெற்றோர் வந்து பார்க்கும் நாள் நெருங்கியது. பெரிய மிஸ் கட்டை அறையை எட்டிப் பார்த்து அசந்துபோனார். "அந்த நாள் வரைக்கும் எதையும் கலைக்கக் கூடாது. அப்படியே பெரிசாக்குங்க" என்றார்.

"நான் எங்க படுக்கறது, அக்கா?"

"மாடியில என் பக்கத்துல படுத்துக்கோ. சின்னப்புள்ளையில படுக்கலையா?"

மகன் அறையைப் பற்றி இருவரும் பேசவில்லை. சின்ன மிஸ் மாடிக்குப் போனாள். பெரிய மிஸ்ஸின் குறட்டை எங்கள் தெருவுக்கே தெரியும். கொஞ்ச நாள் அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் கிடந்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாக வீடு தேடக் கிளம்பினாள். இத்தனை வருஷப் பிரியம் செய்யாததைக் குறட்டை செய்தது.

கிடைத்தும் விட்டது. இரண்டு ஸ்டாப் தள்ளி, ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தியின் மாடியில் ஒற்றை அறை. என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவ்வளவு பெரிசில்லை. ஒரு ஜன்னல், அறைக்குள்ளேயே குழாய், வெளியிலிருந்து தனிப் படி. சின்ன மிஸ் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

நர்ஸம்மா கறார் பேர்வழி. "வெள்ளிக்கிழமை இருட்டறதுக்குள்ள வந்து சாவிய வாங்கிக்கணும். இல்லேன்னா கேட்டுட்டுப் போன புருஷன் பொண்டாட்டிக்குக் குடுத்துருவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது" என்றாள்.

"அக்காகிட்ட எப்ப சொல்லப்போறே?" என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"சாவி கைக்கு வரட்டும். சாவியக் கையில வெச்சுக்கிட்டுச் சொன்னாத்தான் என் சொல்லு நிக்கும். வெறுங்கையோட சொன்னா அக்கா ஒரு அழுகை அழும், நான் இருந்துருவேன்."

தன்னைப் பற்றி அவ்வளவு தெரிந்து வைத்திருந்தாள், பாவி.

பெற்றோர் வரும் நாளும் அதே வெள்ளிக்கிழமையாகத்தான் அமைந்தது. கெட்ட நேரம் வந்தால் ஒட்டகத்தில் ஏறி உட்கார்ந்தாலும் நாய் கடிக்கும். ஆனாலும் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. பார்த்து முடித்து எல்லாரும் ஹாலில் டீ குடிக்கப் போவார்கள். அந்தச் சந்தடியில் நழுவிப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு, டம்ளர் கழுவுவதற்குள் வந்துவிடலாம். சாயங்கால வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது.

அன்றைக்கு அந்த ஊரைப் பார்த்திருக்க வேண்டும். சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ஊர். சின்ன மிஸ் உள்கோடியில் தட்டுப் பக்கம் நின்று கடைசிக் கட்டைகளை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கதவுக்கும் நடுவில் வீடுகள், ஆஸ்பத்திரி, பாலம், குப்பை மேடு, ஒரு சாண் அகல ரோடு. பெரிய மிஸ் பெற்றோர்களோடு வாசலில் வந்து நின்றார். ஒரு அப்பா போனைத் தூக்கிப் பிடித்தார். பெரிய மிஸ்ஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஊருக்கு முகப்புல பள்ளிக்கூடம் இருக்க வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே, முட்டிவலியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து, கதவுக்கு உள்பக்கம் ரோடு முடிகிற இடத்தில், நீளக்கட்டைகளை அடுக்கிப் பள்ளிக்கூடம் கட்டினார். சுவரிலிருந்து சுவர் வரை, முட்டி உயரத்துக்கு, மேலே ஒரு வளைவும் வைத்து. போட்டோ எடுத்தார்கள், கை தட்டினார்கள்.

பிறகு பிள்ளைகள் ஊரை விளக்கினார்கள். யார் வீடு எது, யாருக்கு எங்கே வேலை, எல்லாம். அப்போது ஒரு அம்மா விளையாட்டாகக் கேட்டாள், "சின்ன மிஸ் வீடு எங்க?"

"அவங்களுக்கு வீடு இல்ல" என்றாள் வக்கீல். "அவங்க இந்த ரூம்லதான் தூங்குவாங்க. மெத்தைய அந்தத் தட்டுக்குப் பின்னாடி சுருட்டி வெச்சிருக்காங்க. நாங்க கண்ணாமூச்சி ஆடறப்ப பாத்தோம்."

சின்ன மிஸ் கையிலிருந்த முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மிஸ்ஸின் முகம் சிவந்து, பிறகு மெல்ல மலர்ந்தது.

"என் வீடே அவ வீடுதானே!" என்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நடிப்பில்லை, நிஜம். "நான் உசிரோட இருக்கறப்ப என் தங்கச்சி எதுக்குத் தனி வீட்டுல இருக்கணும்? அவ இல்லேன்னா நான் ஏது, இந்தப் பள்ளிக்கூடம் ஏது?"

இரண்டு அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அக்கா தங்கச்சியா!" என்றார் போன் வைத்திருந்தவர். பாராட்டியே ஒருத்தியைப் பூட்டிவிட முடியும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது. சின்ன மிஸ் அதைப் பார்த்தாள். "அக்கா, நான் கொஞ்சம் வெளிய போகணும்" என்றாள்.

"இப்பவா? எங்க?"

"ஒரு வேலை. டக்குன்னு வந்துருவேன்."

"விருந்தாளிங்கள வெச்சுக்கிட்டு என்னடி வேலை?" பெரிய மிஸ் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

சைரனுக்கு அவள் சொன்னது மட்டும் போதுமாக இருந்தது. "மிஸ் போகணுமாம்! வழி விடுங்க!" என்று ஊளையிட்டான். ஒரு சாண் ரோட்டில் பொம்மைதான் போகும், ஆள் போக முடியாது. அதனால் பிள்ளைகள் அவரவர் கட்டினதை அவரவர் எடுத்தார்கள். நாலு மாடிக்காரன் நாலு மாடியையும் எடுத்தான். ஊமைக்குசும்பு தன் வீட்டை எடுத்துவிட்டு, அவள் விரலைப் பிடித்துக்கொண்டான். ஊர் நடுவே ஆள் நடக்கிற மாதிரி ஒரு தெரு திறந்துகொண்டே வந்தது. சின்ன மிஸ் அதில் நடந்து வந்து, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நின்றாள்.

"பெரிய மிஸ், உங்க பில்டிங்கை எடுங்க" என்றாள் வக்கீல். "கட்டினவங்கதான் எடுக்கணும்."

"பள்ளிக்கூடத்த யாராச்சும் எடுப்பாங்களா?" என்றார் பெரிய மிஸ். எல்லாரும் சிரித்தார்கள். "வாங்க, டீ ஆறிப்போகுது" என்று பெற்றோர்களை ஹாலுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

முட்டி உயரம். ஒரு காலைத் தூக்கி வைத்தால் அந்தப் பக்கம். 'தாண்டுடி!' என்று என் உடம்பு முழுக்கக் கத்தியது. "நான் தள்ளிவிடறேன்" என்று குனிந்தேன்.

"வேணாம். பிள்ளைங்க பாக்கறாங்க" என்றாள். ஒரு காலைத் தூக்கினாள்.

"மிஸ், தாண்டக் கூடாது! நீங்கதானே சொன்னீங்க?" நாலைந்து குரல்கள் ஒன்றாக.

அந்த நேரம் பார்த்து ஹாலிலிருந்து சத்தம் வந்தது. "சின்னவளே, நல்ல டம்ளரெல்லாம் எங்க வெச்சே?"

"மேல் தட்டுல, அக்கா. பெரிய டப்பாவுக்குப் பின்னாடி" என்று குரல் கொடுத்தாள். தூக்கிய கால் தானாகக் கீழே இறங்கியது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் அங்கேயே பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தனாக அம்மா வந்து அந்தப் பக்கமிருந்தே தூக்கிக்கொண்டு போகும் வரை பார்த்துக்கொண்டாள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு சத்தமே இல்லாமல் தாண்டினாள். தாண்டியது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

இருவரும் ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது தெருவிளக்கு எரிந்தது. அந்த ஜன்னலிலும் வெளிச்சம். யாரோ ஒரு பெண் ஸ்டூல் மேல் ஏறித் திரை மாட்டிக்கொண்டிருந்தாள், கீழே நின்றவன் இன்னும் இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நர்ஸம்மா வாசலுக்கு வந்து, "நான்தான் சொன்னேனேம்மா" என்றாள். "தப்பு உங்க மேல இல்ல" என்றாள் சின்ன மிஸ். வழியெல்லாம் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

"அக்காகிட்ட சொல்லாதே" என்றாள். "வெறுங்கையோட போய் எதச் சொல்றது?"

அதற்கடுத்த வாரம் காலையில் நான் போனபோது பள்ளிக்கூட வாசலில் மரத்தூள். கட்டை அறைக்குள் தச்சர் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். வக்கீல் சபையில் சொன்னது பெரிய மிஸ்ஸைத் தூங்கவிடவில்லை. மெத்தைச் சங்கதி நாலு பேருக்குத் தெரிந்துபோனதே! அதனால் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார். கட்டை அறையின் மூலையில் பலகைத் தடுப்பு, ஒரு கட்டில் அளவுக்கு. அதற்கு ஒரு கதவு. தட்டுகளை நகர்த்தி இடம் பண்ணியதில் பிள்ளைகளின் ஊருக்குப் பாதி இடம்தான் மிச்சம்.

"உள்ள ஒரு லைட்டு, சாமான் வைக்க ஒரு பலகை. உனக்கே உனக்கு" என்றார் பெரிய மிஸ். அப்படி ஒரு பூரிப்பு. "இனி ஒருத்தரும் உனக்கு வீடில்லேன்னு சொல்ல முடியாது."

பிள்ளைகள் குதித்தார்கள். "சின்ன மிஸ்ஸுக்கு வீடு வந்துருச்சு!" உள்ளே போவதும் வெளியே வருவதுமாகக் கதவை ஒரு வழி பண்ணினார்கள். சின்ன மிஸ் நடுவில் நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் மரத்தூளைக் கூட்டினேன்.

தச்சர் சாமான் பையைத் துழாவினார். "கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா வைக்கணும்?"

"தாழ்ப்பாள் எதுக்கு? வீட்டுல நாங்க ரெண்டே பேர்தானே" என்றார் பெரிய மிஸ்.

"வேணும்" என்றாள் சின்ன மிஸ். "உள்பக்கம் போடுங்க."

பெரிய மிஸ் திரும்பினார். "எதுக்குடி? இங்க யாரு வரப்போறா?"

"நீ வருவியே, அக்கா."

சத்தமாகச் சொல்லவில்லை. டம்ளர் எங்கே என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரல்தான். பெரிய மிஸ்ஸின் கை புதுக் கதவின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. தச்சர் அக்காவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் வைத்தேன். அவர் உட்கார்ந்து தாழ்ப்பாளை உள்பக்கம் பொருத்தித் திருக ஆரம்பித்தார்.